சுவருக்கு அந்தப் பக்கத்து எர்த்து

செருப்ப வெளிய விட்டுட்டு வா தம்பி. இல்ல இல்ல, போட்டுக்கிட்டே வா. அந்தக் கம்ப்யூட்டர் டப்பாவ வெறுங்காலோட தொட்டா சுருக்குன்னு இழுக்கும். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கிற காளிராஜன் நீதான? கோயில் கமிட்டிச் செயலாளர் சொல்லித்தான் உனக்குப் போன் போட்டேன். உக்காரு.

நான் கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவேன். உனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சு இல்ல. அந்தா கொல்லையில இருக்குல்ல சுவரு, அதுக்கு அந்தப் பக்கம் ரெண்டு காது ஒட்டிக்கிட்டு இருக்கு. எங்கண்ணன் சங்கிலி. அவனுக்கும் சேத்துத்தான் பேசுறேன். மூஞ்சியப் பாத்துப் பேசுறதில்ல, அதனால சுவரப் பாத்துப் பேசுறது. உனக்குச் சங்கடமா இருந்தா இருக்கட்டும், வேலைய மட்டும் நிறுத்தாத. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இது சரியாகணும்.

என்ன கோளாறுன்னா கேக்குற? நான் என்னத்தச் சொல்ல, நீயே கேளு. அந்தப் பட்டன அமுக்கு. ம். கேட்டுச்சா? நான் பேசுறது ஒரு பக்கம், உய்ங்குன்னு வண்டு கத்துறது ஒரு பக்கம். நிறுத்து, நிறுத்து. கேக்கக் கேக்க எனக்குப் பத்திக்கிட்டு வருது.

மைக் குருவையான்னா இந்த ஊருல பச்சப்புள்ளைக்குக் கூடத் தெரியும். உனக்கும் தெரிஞ்சிருக்கும். ஆட்டோவுல குழாயக் கட்டிக்கிட்டு, ‘வருகிறது வருகிறது’ன்னு தெருத்தெருவாப் போகுதே, அது நான்தான். காது குத்து, கல்யாணம், ஜவுளிக்கடைத் திறப்பு விழா, எழவுச் செய்தி, எல்லாத்துக்கும் என் குரல்தான். அப்பல்லாம் ஆட்டோவுலயே உக்காந்து பேசிக்கிட்டுப் போவேன். இப்ப வீட்டுல பேசிப் பதிஞ்சு பென்டிரைவுல குடுத்துர்றது. அதுக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டரு. வாங்கினது தப்பாப் போச்சு.

நம்ம அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் அறிவிப்ப என்னையத் தவிர ஒருத்தன் பேசினது கிடையாது. பேச விட்டதும் கிடையாது. போன வாரம் செயலாளர் வந்தாரு. மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு, ‘போன வருசம் பதிஞ்சது தெளிவா இல்லீங்க, இரைச்சலா இருந்துச்சு, இந்த வருசம் கம்ப்யூட்டரையே பேச விட்றலாம்னு கமிட்டியில பேசுறாங்க’ன்னாரு. எழுதிக் குடுத்தா அதுவே படிக்குமாம். ஒரு பொம்பளக் குரலு. எனக்குப் போன்ல போட்டுக் காட்டினாரு. ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்கிறதச் சொல்லச் சொன்னா, ரயில் எத்தனையாவது பிளாட்பாரத்துல வருதுன்னு சொல்ற மாதிரி சொல்லுது! அதுக்கு அக்கினிச் சட்டின்னா என்னன்னு தெரியுமா? அது என்னைக்காவது தீச்சட்டி எடுத்திருக்கா?

நான் விடல. ‘இரைச்சல் தான உங்களுக்குப் பிரச்சன? இரைச்சல் இல்லாமக் குடுத்தா?’ன்னு கேட்டேன். அப்புறம், ‘சரி, வெள்ளிக்கிழம சாயங்காலத்துக்குள்ள குடுங்க, கமிட்டி கேட்டுட்டு முடிவு பண்ணட்டும்’னாரு. இன்னைக்குத்தான் வெள்ளிக்கிழம. இது போச்சுன்னா ஆட்டோக்காரன் கூட நாளைக்கு என்னையத் தேட மாட்டான். இந்த ஊருல மைக் குருவையான்னு ஒருத்தன் இருந்தான்னு அந்தப் பொம்பளக் குரல்லயே எழவு அறிவிப்புப் போட்டாலும் போட்டுருவாய்ங்க. அதான் தம்பி உன்னக் கூப்பிட்டது.

உனக்கு முன்னாடி வந்தவய்ங்கல்லாம் ஒண்ணுக்கும் ஆகாதவய்ங்க. ஒருத்தன் மைக்க மாத்தச் சொன்னான், மாத்தினேன். ஒருத்தன் சவுண்டு கார்டுன்னு ஒண்ணத் தனியா வாங்கி மாட்டினான். இன்னொருத்தன் இருந்ததையெல்லாம் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினான், என் பேரன் போட்டோவும் சேந்து போச்சு. உய்ங்கு மட்டும் போகல. எனக்கு அப்பவே தெரியும். கோளாறு இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்.

சிரிக்காத. எங்கண்ணன் லேசுப்பட்டவன் இல்ல. ஆம்ப்ளிபயர்ல கைய விட்டு வளந்தவன். எந்தக் கம்பியத் திருகினா எவன் வீட்டுல இரையும்னு அவனுக்கு அத்துபடி. நான் ரெக்கார்டிங்க ஆரம்பிக்கிறது தெரிஞ்சா அங்க பிரிஜ்ஜப் போடுவான், கிரைண்டரப் போடுவான், மோட்டாரப் போடுவான். என்னது? எல்லாத்தையும் நிறுத்தினாலும் இரையுமா? கரண்டு போயி இன்வெர்ட்டர்ல ஓடும்போதும் இரையத்தான் செய்யுது. அதுக்கும் ஏதாவது வச்சிருப்பான்.

என்ன, டெஸ்டர எடுக்குற? டப்பாவுல வச்சா லேசா எரியுதா? அதத்தான சொன்னேன், கரண்ட விடுறான்னு. இல்லியா? அப்புறம் எங்கருந்து வருது? ஸ்விட்சு போர்டுல மூணாவது ஓட்டை... ஆமா, அந்தப் பெரிய ஓட்டை. அதுல கம்பி இல்ல. சும்மாதான் கெடக்கு. கசியுற கரண்ட மண்ணுக்கு இறக்குற எர்த்து இல்ல. அதுதான் காரணமா? இந்த ஒரு ஓட்டைக்கா நான் இம்புட்டுப் பாடுபட்டேன்? ரெண்டு ஓட்டையிலயும் கரண்டு வருதே, கம்ப்யூட்டர் நல்லாத்தான ஓடுது?

சரி சரி, ஒத்துக்கிறேன், நீ சொன்னா சரி. எர்த்து ஏன் இல்லன்னு கேக்குறியா? அந்தச் சுவரப் பாத்துக் கேளு. நல்லாச் சத்தமாக் கேளு! அவன் பதில் சொல்லட்டும்.

சொல்ல மாட்டான். நானே சொல்றேன்.

ரெண்டு பேரும் சேந்து மைக் செட்டுப் போட்டுக்கிட்டு இருந்தோம். அவன் ஆம்ப்ளிபயரு, நான் மைக்கு. அந்த ஆம்ப்ளிபயருக்காகத்தான் கொல்லையில எர்த்துக் குழி வெட்டினோம். ஆள் உயரத்துக்குத் தோண்டி, செம்புத் தகட்ட இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காப் போட்டு மூடினது. வெயில் காலத்துல அதுக்குத் தண்ணி ஊத்தணும், ஈரம் காஞ்சா எர்த்து செத்துரும். பாகம் பிரிச்சப்ப சுவரு சரியா குழிக்கு இந்தப் பக்கம் விழுந்துச்சு. குழி அவனுக்குப் போயிருச்சு. அளக்க வந்த சர்வேயர் நல்லவரு, ‘குழி அந்தப் பக்கம் இருந்தா என்ன, கம்பி இந்தப் பக்கம் வரட்டும், ரெண்டு வீட்டுக்கும் பொதுவா இருக்கட்டும்’னாரு. அந்தச் சங்கிலிப் பயலும் தலைய ஆட்டுறான், பெரிய தர்மப் பிரபு மாதிரி.

எனக்கு எப்படி இருக்கும்? இவன் தலைய ஆட்டி நான் வாங்கிக்கிறதா? கட்டிங் பிளேயர எடுத்தேன். ‘உன் மண்ணுல இருந்து எனக்கு ஒரு மயிரும் வேணாம்டா’ன்னு சொல்லி சர்வேயர் முன்னாடியே நறுக்குன்னு வெட்டிப் போட்டேன். ஆமா, நான்தான் வெட்டினேன். வெட்ட வச்சது யாரு? தலைய ஆட்டினான்ல, அவன்! இப்பச் சொல்லு, என் எர்த்தப் பிடுங்கினது அவன்தான?

கொல்லைய எட்டிப் பாத்துட்டியா? வா, உக்காரு.

பிரிஞ்சதுக்குக் காரணம் சொத்து இல்ல தம்பி. ஊரு ஆயிரம் பேசும், நம்பாத. எல்லாம் இந்தத் தொண்டைதான். அந்த வருசப் பொங்கல் அன்னைக்குச் சனம் திமுதிமுன்னு நிக்குது. நான் மைக்கப் பிடிச்சு, ‘அக்கினிச் சட்டி ஏந்தி வரும் பக்தகோடிகளே’ன்னு ஏத்திக்கிட்டு இருக்கேன். பாதியில என் மைக்க அடைச்சுட்டுப் பாட்டப் போட்டுட்டான். என்னடான்னு ஓடினா, பக்கத்துல குனிஞ்சு, யாருக்கும் கேக்காத மாதிரி சொல்றான். ‘குருவு, தொண்டை மேல ஏற மாட்டேங்குதுடா. நடுங்குது. கொஞ்ச நாளைக்கு மைக்க வேற யாருகிட்டயாவது குடு’ங்குறான். எங்கிட்ட! அவனுக்குத் தொண்டையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. காலம் பூரா பட்டனத் திருகிக்கிட்டு இருட்டுல உக்காந்திருந்தவன். ஊரு என் பேரச் சொல்லுது, அவன் பேரு ஒருத்தனுக்கும் தெரியல. அந்த வயித்தெரிச்சல் எத்தன வருசம் உள்ள கெடந்து புழுங்கிச்சோ, அன்னைக்கு வெளிய வந்துருச்சு. சனத்துக்கு முன்னாடியே சட்டையப் பிடிச்சேன். பேச்சு வார்த்த அத்தோட போச்சு.

பொறாமதான தம்பி? வேற என்னவா இருக்கும்?

என்னது, இந்தப் பக்கமே புதுசா ஒரு குழி வெட்டலாமா? எங்க வெட்ட? கொல்லையப் பாத்தேல்ல. ஒரு பிடி மண்ணு கெடையாது. அவன் வீட்டு முருங்கை வெத இந்தப் பக்கம் விழுந்து முளைச்சுறக் கூடாதுன்னு மூல முடுக்கெல்லாம் சிமெண்டு போட்டு மொழுகிட்டேன். உடைச்சு, தோண்டி, கரி வாங்கி, தகடு வாங்கின்னா நாளைக்கு ஆயிரும். எனக்கு இன்னைக்கு வேணும்.

அதுக்குன்னு அவன்கிட்டப் போய் நிப்பேன்னு நெனைக்காத. நல்லாக் கேட்டுக்க, சத்தமாவே சொல்றேன். என் தொழிலே அழிஞ்சாலும் எவன் வீட்டு வாசல்லயும் போய், கம்பி குடுன்னு கேக்க மாட்டேன்! குருவையா அப்படிப் பிறக்கல!

இரு. இரு, இரு. கேக்குதா? பேசுறான். யாருகிட்டன்னு நெனைக்கிற? ஆட்டுக்கிட்ட. ஒரு கிடா வச்சிருக்கான். நான் சுவத்துக்கிட்டப் பேசினா அவன் கிடாகிட்டப் பேசுவான். என்ன சொல்றான் பாரு. ‘நேத்துத்தான் குழிக்கு ரெண்டு வாளி தண்ணி ஊத்தினேன், எர்த்து நல்லா இருக்கு, கம்பி வேணும்னா போட்டுக்கச் சொல்லு’ங்குறான். கிடாகிட்டச் சொல்றான்! கிடா வந்து எங்கிட்டச் சொல்லுமா?

தம்பி, நீ சொல்லு அவன்கிட்ட. இல்ல, நீ எங்கிட்டச் சொல்ற மாதிரிச் சொல்லு, நான் உங்கிட்டச் சொல்ற மாதிரிச் சொல்றேன். ‘யாரும் பிச்ச போட வேணாம். குழி வெட்டினதுல பாதி மண்ணு நான் அள்ளினது. அந்தப் பாதிக்கு உண்டான கம்பிய மட்டும் எடுத்துக்கிறேன்.’ ம், கேட்டிருக்கும். என்ன சொல்றான்? ‘பாதியோ முழுசோ, சீக்கிரம் எடுக்கச் சொல்லு, பொழுது சாயுது’ங்குறான். பாத்தியா திமிர!

பொழுது சாயுதுன்னு அவனுக்கு என்ன கவல? எல்லாத்தையும் ஒட்டுக் கேட்டிருக்கான். சரி, கம்பிய எடு. பவுனு! ஏ பவுனு! எம் பொண்டாட்டி தம்பி. இந்தக் கம்பிய அந்தப் பக்கம் போடு. நான் போட மாட்டேன், நீ போடு. பாரு, ஸ்டூல்ல எப்படி ஏறுறா பாரு. இடுப்பு வலின்னு குனிஞ்சு கூட்ட மாட்டா, ஸ்டூல்ல மட்டும் சட்டுன்னு ஏறுறா. அந்த ஸ்டூலு எந்நேரமும் சுவரோரமாவே கெடக்கும், எதுக்குன்னு எனக்கு இதுவரைக்கும் விளங்கினதில்ல. அங்க யாரு வாங்குறா, மதினியா? என்ன சிரிப்பு அங்க? கம்பியக் குடுக்கிறதுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கெடக்கு? ரெண்டு வருசமா முகம் பாக்காத சண்டை, ஞாபகம் இருக்கட்டும்!

மாட்டிட்டியா? அந்த ஓட்டையிலயா? சரியா இறுக்கு. டெஸ்டர வச்சுப் பாரு. எரியலையா? நான் தொடவா? ...இழுக்கல. உண்மையிலயே இழுக்கல. செத்த பொணம் மாதிரி இருக்கு.

ரெக்கார்டிங்கப் போடு. பவுனு, ஃபேன நிறுத்து. அந்தப் பக்கம் எவனும் இருமக் கூடாது. இருமினா நடக்கிறதே வேற. ம். தொண்டையச் செருமிக்கிறேன். போடு.

‘அன்பார்ந்த பக்தகோடிகளே! தாய்மார்களே! வருகிறது வருகிறது, நம் ஊர்த் தாய், கேட்ட வரம் தரும் அம்மன் பங்குனிப் பொங்கல் திருவிழா! அக்கினிச் சட்டி ஏந்தி, ஆயிரங்கண் பானை சுமந்து, அனைவரும் வருக! வருக! வருக!’

போதும். எப்படி? அந்த மூணாவது ‘வருக’ இருக்கு பாரு, அதுல ஏத்தினேன்ல, அதுக்குத்தான் சனம் அப்படியே நிக்கும். இந்த ஊருல வேற எவனாலயும் அந்த எடத்துக்குப் போக முடியாது. போட்டுக் காட்டு. சத்தமா வை, அவனும் கேக்கட்டும்.

...

உய்ங்கு போயிருச்சே தம்பி. அடேங்கப்பா. கண்ணாடி மாதிரி இருக்கே. மூச்சு விடுறது கூடக் கேக்குது.

நிறுத்து.

இது யாரு?

திருப்பிப் போடு. இல்ல, மொதல்ல இருந்து வேணாம், அந்தக் கடைசி எடம். ‘வருக’. இன்னொரு தடவ. இது என்ன? உடையுது. மொத ‘வருக’ சரி, ரெண்டாவது சரி, மூணாவது ஏறும்போது வழியிலயே உக்காந்துருச்சு. நடுங்குது. யாரோ கெழவன் பஸ்ஸுல ஏற முடியாமக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு. இது என் குரல் இல்ல தம்பி. நான் பேசும்போது என் காதுல நல்லாத்தான கேட்டுச்சு? நீ இங்கதான உக்காந்திருந்த, நீ சொல்லு. நான் பேசும்போது எப்படி இருந்துச்சு?

எதுக்குக் கீழ குனிஞ்சுக்கிட்டே இருக்க? மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

இப்படித்தான் இருந்துச்சா?

பொய்யி. கம்பியில ஏதோ பண்ணிட்டான். அவன் பக்கம் இருந்து வர்ற கம்பி தான, என்ன வேணா பண்ணுவான். டேய் சங்கிலி! என்னடா பண்ணின என் குரல? எங்கடா போச்சு என் குரலு? சொல்லுடா!

...

கேட்டியா தம்பி? கிடாகிட்டச் சொல்லல. எங்கிட்டச் சொல்றான். பேர் சொல்லி நேரா எங்கிட்ட. ‘ரொம்ப நல்லா இருக்குடா குருவு’ங்குறான். ‘அந்தக் காலத்துல பேசின மாதிரியே இருக்கு, அப்படியே அனுப்பு’ங்குறான்.

எங்கண்ணன் பொய் சொல்றான் தம்பி. அவன் எங்கிட்டப் பொய் சொன்னதே கிடையாது. சின்ன வயசுல இருந்து நான் பேசினதுல நொட்டச் சொல்லாம விட்டதே கிடையாது. ஊரே கை தட்டும், அவன் மட்டும், ‘அந்த எடத்துல மூச்சு வாங்கிட்ட’ம்பான். ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது நல்லா இருக்குன்னு சொல்லிற மாட்டானான்னு எத்தன வருசம் அவன் மூஞ்சியப் பாத்திருக்கேன் தெரியுமா? இன்னைக்குச் சொல்றான். இதக் கேட்டுட்டு, நல்லா இருக்குங்குறான். அம்புட்டுக்கு அவனுக்கு நான் பாவமாப் போயிட்டேன். அவன் என்னைய நாலு வார்த்த வஞ்சிருந்தா நான் தாங்கியிருப்பேன். இதத் தாங்க முடியல தம்பி.

கழட்டு.

கம்பியக் கழட்டுன்றேன்! நீ கழட்டுறியா, நான் பிடுங்கவா? பவுனு, நீ பேசாத. நீ உள்ள போ. அழுகுறதா இருந்தா உள்ள போயி அழு. இந்தா, வந்துருச்சு. சுவருக்கு மேல தூக்கி எறிஞ்சுட்டேன், கம்பியும் அவனுக்கே இருக்கட்டும். அவன் எர்த்தும் வேணாம், அவன் பாராட்டும் வேணாம்.

இப்ப ரெக்கார்டிங்கப் போடு. போடுன்னு சொல்றேன்ல. அதே அறிவிப்புத்தான், இன்னொரு தடவ பேசுறேன்.

ம். போட்டுக் காட்டு.

ஆங்... கேக்குதா? உய்ங்குன்னு எப்படிக் கத்துது பாரு. இதுக்குள்ள எவன் குரலு நல்லா இருக்கும்? எவனுக்குமே இப்படித்தான் கேக்கும். அந்த ‘வருக’ கூட இப்ப ஒண்ணும் தெரியல பாரு, எல்லாம் இரைச்சல். கமிட்டிக்கு நீயே போன் போட்டுச் சொல்லிரு தம்பி. குருவையா நல்லாத்தான் பேசினாரு, அவங்கண்ணன்தான் எர்த்துக் குடுக்க மாட்டேன்னுட்டான்னு சொல்லு. சத்தமாச் சொல்லு. அவனுக்கும் கேக்கட்டும்.